லோயாட்டுக்குப் போகுமுன் ஒரு திருகாணியைக் கழற்றுங்கள்

"லேப்டாப் ரொம்ப லம்பாட் ஆயிடுச்சு, புதுசு வாங்கிடலாமா?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உள்ளே இருப்பது சுற்றுகிற டிஸ்க்கா, சுற்றாத டிஸ்க்கா? முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் அன்றைக்கு இருக்கவில்லை. அட்டைப் பெட்டியில் '1 டிபி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், நிறைய இடம் என்று நம்பி வாங்கினோம்.

பத்து வருடத்துக்கு முன் மலேசியாவில் விற்ற நடுத்தர விலை மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருந்தது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. நமக்கு வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு 12 மில்லிவினாடி. ஆக, ஒரு துண்டுத் தகவலை எடுக்க 17, 18 மில்லிவினாடி ஆகிறது. சிதறிக் கிடக்கும் துண்டுகளாக இருந்தால் வினாடிக்கு அறுபதைத் தாண்டுவது சிரமம். விண்டோஸ் 10 கண் விழிக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. நடுவில் வைரஸ் தடுப்பான் ஒரு பக்கம் தேடும், அப்டேட் ஒரு பக்கம் இறங்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நிற்கும். பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். சுற்றாத டிஸ்க்கான எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அதே துண்டு ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். பழைய மடிக்கணினிக்கு டிஸ்க் மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம் வேறு எதை மாற்றினாலும் கிடைக்காது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

என் அக்கா கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2016இல் வாங்கிய மடிக்கணினியைத்தான் இன்னும் வைத்திருக்கிறார். "தம்பி, ஆன் பண்ணிட்டுப் போய் தேத்தண்ணி கலக்கிட்டு வந்தாலும் அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்குடா. பேசாம புதுசு எடுத்துடவா?" என்று கேட்டார். "பொறுக்கா, மொதல்ல கழட்டிப் பாத்துடுவோம்" என்றேன்.

கழற்றிப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. நட்சத்திர முனை கொண்ட சின்னத் திருப்புளி, அதாவது பிஎச்0 அளவு, ஒன்று போதும். அடிப்பக்கத் திருகாணிகளில் ஒன்றிரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைக் கவனிக்காமல் நெம்பினால் மூடி விரிசல் விடும். நெம்புவதற்குக் காலாவதியான டச் அண்ட் கோ கட்டண அட்டையை விட நல்ல கருவி கிடையாது. இரும்பு கீறும், அது கீறாது. மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுத்துவிடுவது. அக்காவின் கணினியில் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள், பக்கத்துக்கு இரண்டாக நான்கு பொடித் திருகாணிகளோடு உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்தபோது மேலே நீலப் பட்டையோடு வெஸ்டர்ன் டிஜிட்டல் முத்திரை. எழுத்துகளுக்கு நடுவே பொடியாக 'ப்ராடக்ட் ஆஃப் மலேசியா'.

அந்த 'மலேசியா' என்பது நம் பெட்டாலிங் ஜெயா, சுங்கைவே தடையற்ற வர்த்தக வட்டாரம். 1990களிலிருந்து வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹார்ட் டிஸ்க் செய்த இடம். பெடரல் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அந்த வட்டாரம் தெரியாமல் இருக்காது. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் அந்தக் காலத்தில் விடியலுக்கு முன்னே பக்டரி பஸ் பிடித்து எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போனார்கள். எங்கள் அத்தை ஒருவரும் டிஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும், பவுடர் பூசிக்கொண்டு உள்ளே போக முடியாது என்று சொல்வார். காரணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் இடையே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும். அந்த இடைவெளிக்கு முன்னால் சிகரெட் புகையின் துகளே பாறாங்கல். அந்த நுணுக்கத்தில் கைவேலை செய்த தலைமுறையைப் பற்றி நாம் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் தீராத ஆதங்கம்.

2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் அந்த ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அறிவித்தது. கணினிகளுக்கான ஹார்ட் டிஸ்க் தேவை குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் சொன்ன காரணம். அதே அறிவிப்பில் பினாங்கில் எஸ்எஸ்டி ஆலையை விரிவுபடுத்துவதாகவும் சொன்னார்கள். அக்காவின் மடிக்கணினியில் நான் செய்யப்போன மாற்றத்தைத்தான் அந்தத் தொழிலும் செய்தது, ஆனால் அங்கே போனது பலரின் வேலை. 2016இல் அந்த நிறுவனம் சான்டிஸ்க்கை வாங்கியது, 2025 பிப்ரவரியில் மறுபடி பிரித்துவிட்டது. இப்போது ஹார்ட் டிஸ்க் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம், எஸ்எஸ்டி சான்டிஸ்க்கிடம். கடையில் இரண்டு பெயரும் கலந்து கிடந்தால் குழம்ப வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எது பொருந்தும் என்று பாருங்கள். பழைய டிஸ்க் 2.5 அங்குல அளவில் இருந்தால், சாட்டா இணைப்புள்ள 2.5 அங்குல எஸ்எஸ்டி அப்படியே அதே இடத்தில் உட்காரும். தடிமனை மட்டும் பார்க்க வேண்டும். பழைய டிஸ்க்குகள் சில 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். சட்டத்தில் திருகி மாட்டும் கணினியில் இது பிரச்சினையே இல்லை. இறுக்கிச் செருகும் வகையில் ஆட்டம் கொடுக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் விளிம்பு வேண்டும். வாங்கும்போதே கேட்டால் சில கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள்.

சிக்கல் எம்.2 என்கிற குச்சி வடிவத்தில்தான். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும்: 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம், அதைத்தான் 2280 என்று எழுதுகிறார்கள். ஆனால் அதே வடிவத்தில் சாட்டா இணைப்பும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பும் உண்டு. 2015, 2016 காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் எம்.2 துளை இருந்தாலும் அது சாட்டா மட்டுமே ஏற்கும். என்விஎம்இ குச்சி உள்ளே போனாலும் கணினி கண்டுகொள்ளாது. இன்னும் சிலவற்றில் தெரியும் எம்.2 துளை வைஃபை அட்டைக்கானது. அதனால்தான் கடைக்குப் போகுமுன் மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சேவைக் கையேட்டைப் பார்த்தால் எந்த வகை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேகத்தில் என்விஎம்இ எங்கேயோ இருக்கிறது. சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டில் நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500ஐத் தொடும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அக்கா செய்வது கேள்வித்தாள் தட்டச்சு, பவர்பாயிண்ட், பள்ளி நிகழ்ச்சிப் படங்கள், உலாவியில் இருபது ஜன்னல். இந்த வேலைக்குச் சாட்டாவும் என்விஎம்இயும் கையில் ஒரே மாதிரிதான் தெரியும். 4கே வீடியோ வெட்டி ஒட்டுகிறவர் என்றால் பேச்சு வேறு. பழைய இயந்திரத்தில் என்விஎம்இ துளை இல்லையே என்று வருத்தப்பட்டு யாரும் கணினியையே மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து ஆயுள். "எஸ்எஸ்டி எழுத எழுதத் தேஞ்சிடுமாமே?" என்று அக்காவும் கேட்டார். தேயும், உண்மைதான். அதற்காகத்தான் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதை டிபிடபிள்யூ என்று ஓர் எண்ணாகப் போடுகிறார்கள். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு அது 600, உத்தரவாதம் ஐந்து வருடம். ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினாலும் 600 டெராபைட் தீர 54 வருடம் ஆகும். வீட்டுக் கணினியில் அந்த 30 ஜிபியே அதிகம். ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் கியூஎல்சி வகையில் இந்த எண் குறைவு, அதே நிறுவனத்தின் 870 கியூவோ 1 டிபிக்கு 360. அதுவும் போதும், ஆனால் ஒரே மூச்சில் நிறைய எழுதினால் கியூஎல்சி திணறும். விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் ஈவோ போன்ற டிஎல்சி வகையை எடுங்கள். எஸ்எஸ்டி சாகும்போது தேய்ந்து சாவதைவிட, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு திடீரென்று கெட்டுச் சாவதுதான் வீட்டுப் பயனாளருக்கு உண்மையான பயம். ஹார்ட் டிஸ்க் பல நேரம் கடகடவென்று சத்தம் போட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். எஸ்எஸ்டி முதல் நாள் வேலை செய்யும், மறுநாள் காணாமல் போகும். உத்தரவாத ஆண்டுகளைப் பாருங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கணக்கை மறந்துவிடலாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறுமுகம். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்கள் சந்தையில் இருப்பதை வாரிக்கொண்டு போகின்றன. நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய க்ரூஷியல் பெயரையே வீட்டுப் பயனாளர் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோது ஒரே மாதத்தில் விலை இரட்டிப்பானது கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் அலைந்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்த மாதிரி நேரத்தில் தேவைக்கு மேல் கொள்ளளவு வாங்க வேண்டாம். அக்காவின் 1 டிபி டிஸ்க்கில் நிறைந்திருந்தது கால்வாசிகூட இல்லை. 500 ஜிபி அவருக்குத் தாராளம். விண்டோஸில் அது 465 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. அதில் ஏமாற்று இல்லை.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. இணையச் சந்தையில் '2 டிபி, 60 வெள்ளி' என்று மின்னும் விளம்பரங்களைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே 32 ஜிபி, 64 ஜிபிச் சில்லை ஒட்டி, கணினியிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். எழுத எழுத இடம் இருப்பதாகவே காட்டும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் புதிது பழையதின் மேல் ஏறும். ஆறு மாதம் கழித்துக் குழந்தையின் படத்தைத் திறக்கும்போதுதான் விஷயம் தெரியும். வாங்கியாயிற்று, சந்தேகமாக இருக்கிறது என்றால் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கலாம். இதில் நட்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவழிக்கும் வீடுகள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் நான் இன்னும் நேரில் போய்த்தான் வாங்குகிறேன். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல், நூ சென்ட்ரலைக் கடந்து மோனோரயில், அங்கிருந்து நாலாவது நிலையம் இம்பி. இறங்கினால் லோயாட் பிளாசா நடக்கும் தூரம். வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டுப் போவது என் வழக்கம், வெறும் வயிற்றில் மாடி மாடியாக ஏறி இறங்கினால் முதல் கடையிலேயே சலித்துப் போய்க் கையில் கிடைத்ததை வாங்கிவிடுவோம். விலைத் தாளை வெளியே ஒட்டி வைத்திருக்கும் கடைகளில் இரண்டு மூன்றை ஒப்பிட்டுவிட்டு, "போஸ், போலே குராங் சிகிட்?" என்று விலை குறைக்கக் கேளுங்கள். எஸ்எஸ்டியில் லாபம் குறைவு, பெரிதாகக் குறைக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பழைய டிஸ்க்கைப் போட யூஎஸ்பி கேசிங் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், அது பெரும்பாலும் நடக்கும். உத்தரவாதம் உள்ளூர் விநியோகஸ்தருடையதா, மாற்ற வேண்டுமென்றால் கடைக்கே கொண்டு வரலாமா என்று கேட்டு, பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கடைக்காரர் கைவிரித்தால் நமக்கு ஒரு வழி இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். இருநூறு வெள்ளிப் பொருளுக்கு யார் அலைவது என்று நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

டிஸ்க் வந்தாயிற்று. இனித்தான் கவனமான பகுதி. பழைய டிஸ்க்கின் உடல்நிலையை 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'வில் பாருங்கள். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளின் 'ரா வேல்யூஸ்' பத்தியில் பூஜ்யம் அல்லாத எண் தெரிந்தால் டிஸ்க் பழுதாகத் தொடங்கிவிட்டது. அப்படியானால் முழு நகல் எடுக்கிறேன் என்று அதை மணிக்கணக்கில் ஓட்டாமல், முதலில் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் 'க்ளோன்ஸில்லா' போன்ற இலவச மென்பொருளால் அப்படியே நகலெடுக்கலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: பெரிய டிஸ்க்கிலிருந்து சின்ன டிஸ்க்குக்குப் போகும்போது க்ளோன்ஸில்லா எளிதில் ஒத்துக்கொள்ளாது, பகிர்வுகளை முன்கூட்டியே சுருக்கியாக வேண்டும். எனக்குப் பிடித்தது புதிதாக விண்டோஸ் நிறுவுவதுதான். பத்து வருடக் குப்பையைப் புதிய டிஸ்க்குக்குக் குடியேற்ற வேண்டாமே. உரிமம் தாய்ப்பலகையோடு பதிவாகியிருக்கும், இணையத்தில் இணைத்ததும் தானே செயல்படும். பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று மட்டும் கழற்றுவதற்கு முன்பே பார்த்து, மீட்புக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. அக்காவின் பழைய கேள்வித்தாள்கள், பேச்சுப் போட்டிக் கட்டுரைகள் பலவும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. 1985இல் மலேசியரான முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு மென்பொருளில் கணினித் தமிழ் பழகிய தலைமுறை நம்முடையது. அந்தக் காலத்துக் கோப்புகளை நகலெடுத்தால் மட்டும் போதாது, எழுத்துருவும் கூட வர வேண்டும். புதிதாக நிறுவிய விண்டோஸில் அவற்றைத் திறந்தால் பொருளில்லாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதை முழுசாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுடையதை அப்படி எடுத்து வைத்துவிட்டு, கையோடு முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். 2000களின் தொடக்கத்தில் அவர் மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்த நாடகம் ஒன்று எழுத்துப் பிசகாமல் வந்தது. "இத நானா எழுதுனேன்?" என்று திரையை விட்டு நகராமல் முழுவதையும் படித்து முடித்தார்.

பழைய டிஸ்க்கை வீசாதீர்கள். கேசிங்கில் போட்டு நகல் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம், நல்ல நிலையில் இருந்தால். எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் அலமாரியில் வருடக்கணக்கில் வைப்பது சரிப்படாது. எழுத்து ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தர அளவு. புதியது அதைவிட நிறைய தாங்கும். ஆனாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் நீண்ட காலச் சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க்கைத்தான் நான் நம்புவேன். ஒரு நகல் வீட்டில், இன்னொன்று வேறு வீட்டில். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது கணினியும் நகலும் ஒரே மேசையில் இருந்து ஒன்றாகப் போன குடும்பங்கள் உண்டு. அப்படி நனைந்த டிஸ்க்கை ஒருபோதும் செருகிப் பார்க்காதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். ஈரத்தோடே பையில் மூடித் தகவல் மீட்பவரிடம் கொடுங்கள்.

எல்லா மடிக்கணினிக்கும் இந்தச் செலவு தகுமா என்றால், இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், அக்காவுடையது ஆறாம் தலைமுறை. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட்டுக்கு மாறுவதாக அக்காவோடு பேசி வைத்திருக்கிறேன், தமிழ் எழுத அதில் ஒரு தடையும் இல்லை. கீல் உடைந்து, பேட்டரி உப்பி, தாய்ப்பலகையோடு ஒட்டிய 4 ஜிபி நினைவகத்தோடு இருக்கும் கணினி என்றால் டிஸ்க்குக்குச் செலவழிக்காமல், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பழைய அலுவலகக் கணினி ஒன்றைப் பாருங்கள். அப்போதும் வாங்குவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லி, டிஸ்க் என்ற வரியின் கீழே எஸ்எஸ்டி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.